பூனை படுத்த சேலை

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற பெண்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். மாயம்மாளும் அவர்களில் ஒருத்தி. முதலாளி வீட்டிலிருந்து வெள்ளைத் துணி வரும். அதில் அங்கங்கே நகத்தால் கிள்ளி எடுத்து நூலால் சுற்றி இறுக்க வேண்டும். சாயத்தில் முக்கிக் காயவைத்து முடிச்சை அவிழ்த்தால், கட்டின இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். பாவாடை கட்டின வயதிலிருந்து அவள் செய்கிற வேலை இது. கை பாட்டுக்கு முடிச்சுப் போடும், வாய் பாட்டுக்கு மாரியம்மனைக் கூப்பிடும். செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போய் வராமல் முடிச்சுத் துணியைத் தொடமாட்டாள். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவள். குழாயடியில் இடித்துக்கொண்டு முன்னால் வந்து குடம் வைக்கிறவளிடம்கூட, "பிடிச்சுக்க தாயி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றுதான் சொல்வாள்.

அவள் வீட்டுக்காரர் சுப்புராஜ் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். நூல் மூட்டையோ வாழைத்தாரோ கல்யாண வீட்டு நாற்காலியோ, எது கிடைத்தாலும் ஏற்றுவார். வியாழக்கிழமை மட்டும் வேறு வாடகை எடுக்கமாட்டார். அன்றைக்கு அய்யலூரில் ஆட்டுச்சந்தை. விடியுமுன்னே வியாபாரிகள் கயிறும் கையுமாக வாசலில் வந்து நிற்பார்கள். இவர்களுக்கு ஒரே மகள், சௌந்தர்யா. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் வேலை பார்க்கும் கமலக்கண்ணனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள்.

பூனை சௌந்தர்யாவுடையது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், பஸ் நிறுத்தத்து டீக்கடைப் பக்கம் கத்திக்கொண்டு கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்தாள். உடம்பெல்லாம் வெள்ளை, நெற்றியில் மட்டும் கறுப்பாக ஒரு புள்ளி. அதனால் பொட்டு என்று பேர். மாயம்மாளுக்கு ஆரம்பத்தில் அது ஒத்துவரவில்லை. முதலாளி வீட்டுத் துணியில் பூனை முடி ஒட்டினால் பேச்சு வாங்க வேண்டியது அவள்தானே. ஆனாலும் விரட்டவில்லை. விரட்டுகிற பழக்கமே அவளிடம் கிடையாது.

சௌந்தர்யா கல்யாணமாகிப் போன பிறகு பொட்டு கொஞ்ச காலம் நிலைகொள்ளாமல் திரிந்தது. வாசலுக்குப் போகும், உள்ளறைக்கு வரும், அவள் படுத்த பாயை முகர்ந்துவிட்டு மறுபடி வாசலுக்குப் போகும். சோற்றை வைத்தால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஒருநாள் உள்ளறை அலமாரியின் கீழ்த்தட்டில் மடித்துக்கிடந்த மாயம்மாளின் பழைய அரக்கு நிறச் சுங்குடிச் சேலைமேல் ஏறி, இரண்டு முன்னங்காலாலும் மாற்றி மாற்றி மிதித்துப் பதம்பண்ணி, சுருண்டு படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அதுவே அதற்குப் படுக்கை. மாயம்மாள் அதை எழுப்பவில்லை. அந்த நாட்களில் அவளுக்கும் வீட்டுக்குள் இன்னொரு மூச்சுச் சத்தம் தேவையாக இருந்தது.

மூன்று வருஷம் கழித்து, வளைகாப்பு முடிந்து சௌந்தர்யா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பொட்டு அவளை மறக்கவில்லை. அவள் காலடியிலேயே கிடந்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பெண்குழந்தை பிறந்தது. அம்மன் கைவிடவில்லை என்று மாயம்மாள் மாவிளக்கு எடுத்தாள்.

குழந்தை வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்தார்கள். தரையெல்லாம் பினாயில். அலமாரியைக் காலிசெய்து துடைத்தார்கள். தொட்டிலுக்குப் புதுச்சேலை கட்டுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. பெற்றவளின் தாய் கட்டி, துவைத்துத் துவைத்துப் பஞ்சுபோல் ஆன நூல்சேலையாக இருக்க வேண்டும். அதுதான் பச்சை உடம்பை உறுத்தாது, அந்தத் தாயின் ஆயுசும் பிள்ளைக்குச் சேரும் என்பார்கள். மாயம்மாளிடம் அப்படி மிஞ்சியிருந்தது அரக்குச் சேலை ஒன்றுதான். மற்ற நூல்சேலைகளையெல்லாம், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவனிடம் போட்டு எவர்சில்வர் போசியும் வடிதட்டும் வாங்கியிருந்தாள். இப்போது அவள் கட்டுகிறதெல்லாம் பாலியஸ்டர்.

அரக்குச் சேலையை வெந்நீரில் ஊறப்போட்டுச் சோப்புப் போட்டுக் கசக்கி, மூன்று தண்ணீரில் அலசி, மொட்டைவெயிலில் காயவைத்து, உள்ளறை உத்தரத்துக் கொக்கியில் தொட்டிலாகக் கட்டினாள். கட்டி முடித்து இழுத்துப் பார்த்தபோது அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. அவளைப் பொறுத்தவரை அது அவள் சேலை. பூனையின் சேலை என்ற நினைப்பு ஓரத்தில்கூட வரவில்லை.

குழந்தை வந்ததும் பொட்டு வெளியே போனது. உள்ளறைக்கு வந்தால் யாராவது கையை ஓங்கினார்கள். பார்க்க வருகிறவர்கள் போகிறவர்கள், சாம்பிராணிப் புகை, வசம்பு வாடை, நேரங்கெட்ட நேரத்தில் அழுகை. அது சன்னலில் உட்கார்ந்து கத்தியது. சாப்பாடு குறைந்தது. முன்னங்காலை நக்கி நக்கி, ஓரிடத்தில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. மண்ணைத் தோண்டி மூடுகிற சுத்தக்காரப் பூனை, துவைத்து மடித்த குழந்தைத் துணிமேல் மூத்திரம் பெய்தது. ஆள் கண்ணசந்தால் அலமாரி வழியாகத் தாவி, காலியாகத் தொங்கும் தொட்டிலில் விழுந்தது.

சுப்புராஜ் அதைக் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, வீட்டில் புதிதாக ஏதாவது நடந்ததா என்று கேட்டார். குழந்தை பிறந்திருக்கிறது என்றதும் தலையை ஆட்டினார். திடீரென்று எல்லாம் மாறினால் அதுக்கும் மிரட்சி வரும், அதன் இடத்தையும் படுக்கையையும் மட்டும் பழையபடி வையுங்கள், குழந்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினார். சுப்புராஜ் வந்து அப்படியே ஒப்பித்தார். மாயம்மாள் அலமாரியின் கீழ்த்தட்டை மறுபடி காலிசெய்து, தன் பாலியஸ்டர் சேலை ஒன்றை மெத்தென்று மடித்துப் போட்டாள். பொட்டு வந்து முகர்ந்தது. ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டது. டாக்டர் சொன்னதைத்தான் செய்தோமே என்று மாயம்மாளுக்குச் சங்கடமாக இருந்தது.

இந்தச் சமயத்தில் பேத்தியோடு சில நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒட்டன்சத்திரத்திலிருந்து கமலக்கண்ணனின் தாயார் பழனியம்மாள் வந்து சேர்ந்தாள். நல்ல மனுஷி. வாய் மட்டும் கொஞ்சம் ஓங்கியிருக்கும். வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, காபி டம்ளரோடு உள்ளறைக்குள் நுழைந்தவள் தொட்டில் மெல்ல ஆடுவதையும், மடிப்புக்கு வெளியே ஒரு வெள்ளை வால் தொங்குவதையும் பார்த்தாள். டம்ளர் கீழே விழுந்தது. குழந்தை அப்போது அடுத்த அறையில் சௌந்தர்யா மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. அது தெரிந்த பிறகும் பழனியம்மாள் மாயம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"ஏனுங்க சம்பந்திங்க, கொழந்தை தூங்கற எடத்துல பூனை படுத்துக் கெடக்குது. கொழந்தை உள்ள இருந்திருந்தா என்னாயிருக்கும்?"

அந்தப் பயம் மாயம்மாளுக்கும் இருந்தது. பூனை முடி பட்டால் இளைப்பு வரும் என்று தெருவில் நாலு பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பழனியம்மாள் மகனுக்குப் போன் போட்டாள். மகன் மாமனாருக்குப் போன் போட்டான். வியாழக்கிழமைக்குள் பூனை வீட்டைவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை காரெடுத்து வந்து பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிப்போவதாகச் சொன்னான். மூன்றாம் மாதம் நிறையாமல் பச்சை உடம்புக்காரியைத் தாய்வீட்டிலிருந்து கிளப்புவதாவது என்று சுப்புராஜ் பதறிப்போனார். உடனே சாக்குப்பை ஒன்றை உதறி ஆட்டோவில் போட்டார். வியாழக்கிழமை ஆட்டோடு ஆடாகப் பொட்டுவையும் ஏற்றிப்போய் அய்யலூரில் விட்டுவிடுவது என்று முடிவானது. சந்தைப் பக்கம் கறிக்கடை நிறைய, குடல் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்றார்.

சௌந்தர்யா படுத்த இடத்திலிருந்தே சொன்னாள். "ஏப்பா, அப்படியே இன்னொரு சாக்கு எடுத்துக்கங்க. என்னையும் கட்டிக் கொண்டுபோயி ஒட்டன்சத்திரத்துல அவுத்து விட்டுருங்க."

அவர் வெளியே போய்விட்டார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பால் கொடுக்கிறவள் அழக்கூடாது என்று சொல்ல வாயெடுத்த மாயம்மாள், சொல்லாமல் விட்டாள். மடியிலேயே வளர்ந்த பூனை சந்தைக்கூட்டத்தில், நாய்களுக்கு நடுவே எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாரும் பிழைத்துக்கொள்ளும் பிழைத்துக்கொள்ளும் என்கிறார்களே தவிர, விட்ட பூனையைப் போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தொட்டில் சேலையை அவிழ்த்துத் துவைத்துக் கொல்லைக் கொடியில் போட்டாள். பக்கத்தில் குழந்தைத் துணி, பழனியம்மாளின் பச்சைக்கரை நூல்சேலை, சுப்புராஜின் சட்டை, எல்லாம் காய்ந்தன. காலையிலிருந்து கண்ணில் படாத பொட்டு எங்கிருந்தோ வந்தது. குழந்தைத் துணிப் பக்கம் போகவில்லை. வரிசையாகத் தொங்கிய எதையும் பார்க்கவில்லை. நேரே அரக்குச் சேலையின் அடியில் போய், சொட்டுகிற தண்ணீரில் நனைந்துகொண்டே உட்கார்ந்தது. பிறகு பின்னங்காலில் நின்று எம்பி, ஈர முந்தானையை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி மிதித்தது.

வாளியைக் கையில் பிடித்தபடி மாயம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அலமாரியின் கீழ்த்தட்டு அவள் கண்முன் வந்தது. தண்ணீரைக் கண்டால் காத தூரம் ஓடுகிற பூனை, நனைந்துகொண்டு நிற்கிறது. பிள்ளையைத் தேடி அது தொட்டிலில் ஏறவே இல்லை. தன் படுக்கையைத் தேடி ஏறியிருக்கிறது. டாக்டர் சொன்னது இதைத்தான். மனுஷ மூக்குக்குச் சோப்பு வாசனைதான் தெரிந்தது. அதன் மூக்குக்குச் சோப்புக்கு அடியில் கிடந்த பழைய வாசமும் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் சேலையில் பாதியைக் கிழித்து அதற்குப் போட்டுவிடலாம். ஆனால் பிள்ளை படுக்கிற தொட்டில் சேலையைக் கிழிக்கக் கூடாது. குழந்தை தொட்டிலைவிட்டு இறங்குகிறவரை அதில் கத்திரி படக்கூடாது என்பது கட்டாயம். பட்டால் பிள்ளைக்கு ஆகாது. மாயம்மாள் அப்படித்தான் நம்பினாள். பூனைக்காகப் பேத்தியின்மேல் ஒரு தீங்கை இழுத்துவிட அவளால் முடியாது. பூனையைச் சாக்கில் கட்டவும் மனசு வரவில்லை.

கோயிலுக்குப் போனாள். அரளிப்பூவில் வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றும் பறித்து, தனித்தனியாக இலையில் பொதிந்து பூசாரியிடம் கொடுத்தாள். வெள்ளை வந்தால் கிழிக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு, பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தாள். சிவப்பு.

வேண்டின பூ வருகிறவரை மூன்று தடவை நான்கு தடவை கேட்கிறவர்களும் உண்டு. மாயம்மாள் அப்படிச் செய்கிறவள் இல்லை. பூவைக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டு, பிரகாரத்தில் செத்த நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து பாதித் தெரு வந்தபோதுதான் அவளுக்குத் தோன்றியது. அம்மன் கிழிக்காதே என்றுதான் சொல்லியிருக்கிறாள். முழுசாகக் கொடுக்காதே என்று சொல்லவில்லை.

முழுசாகக் கொடுத்துவிட்டால் தொட்டிலுக்கு வேறு நூல்சேலை வேண்டும். அந்த வீட்டில் அப்படி ஒன்று பழனியம்மாளிடம்தான் இருந்தது. ஆனால் அவளிடம் போய்க் கேட்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், பூனை படுத்துக் கிடந்த சேலையில் பேத்தியைப் போட்டிருக்கிறோம் என்பது வெளியே வந்துவிடும். வெள்ளிக்கிழமை வரவேண்டிய கார் புதன்கிழமையே வந்து நின்றாலும் நிற்கும். அன்றைக்கு ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்ட வீட்டுக்காரரிடம் செவ்வாய்க்கிழமை விரதம் என்றாள்.

புதன்கிழமை காலை அடுப்படியில், சௌந்தர்யாவுக்குப் பத்தியக் குழம்பு வைக்கப் பழனியம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மாயம்மாள் அடுப்பைக் குறைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"மதினி, நான் தொட்டிலுக்குக் கட்டுன சேலை இருக்குல்ல. அது பூனை படுத்துக் கெடந்த சேலை. மூணு வருசமா அதுலதான் படுத்துச்சு. வெந்நியில போட்டு அலசித்தான் கட்டுனேன். ஆனா அதுக்குத் தெரிஞ்சிருக்கு. புள்ளையத் தேடி அது வரல மதினி, சேலையத் தேடி வருது."

பூண்டு உரித்த கை நின்றது.

"பூனைப் படுக்கையிலயாங்க எம்பேத்தியப் போட்டீங்க?"

"ஆமா மதினி."

பழனியம்மாள் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனாள். முன்னறையில் அவள் மகனுக்குப் போன் போடுவது கேட்டது. மண்டியில் லாரி வந்து இறங்குகிற நேரம். அவன் எடுக்கவில்லை. இன்னொரு தடவை போட்டாள். அப்போதும் எடுக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கரண்டியைக் கீழே வைக்க மறந்து மாயம்மாள் அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஒங்ககிட்ட பச்சைக்கரை போட்ட நூல்சேலை ஒண்ணு இருக்கே மதினி. அதைத் தொட்டிலுக்குத் தந்தீங்கன்னா, இந்தச் சேலையக் கழட்டி அதுக்கே போட்டுருவேன். அப்பறம் அது தொட்டில் பக்கம் வந்துச்சுன்னா நானே சாக்குல போட்டுக் குடுக்குறேன்."

பழனியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எஞ்சேலையிலீங்களா?"

"ஆமா."

"பொண்ணப் பெத்தவ சேலைதானுங்களே கட்டறது வழக்கம். எங்கூட்டுப் பக்கமும் அப்படித்தான். மாமியா சேலைய ஆருங்க கேக்கறாங்க?"

"நான் கேக்குறேன்ல."

அடுப்பில் புளித்தண்ணீர் பொங்கி வழிகிற சத்தம் கேட்டு மாயம்மாள் உள்ளே ஓடினாள். அவள் குழம்பை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது, பழனியம்மாள் தன் பையைத் திறந்து பச்சைக்கரைச் சேலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி கட்டுகிற சேலை, ஓரத்தில் ஒரு இடம் இத்துப்போயிருக்கிறது, கனம் தாங்குமா என்று இழுத்து இழுத்துப் பார்த்தாள். இத்த இடம் மேல் முடிச்சுக்குள் போகிற மாதிரிக் கட்டினால் சரியாகிவிடும் என்று அவளே சொன்னாள். முக்காலியில் ஏறி அவளே கட்டினாள். மாயம்மாளைத் தொடவிடவில்லை.

குழந்தை மாற்றிக் கட்டின சேலையில் முதலில் நெளிந்தது. ஒரு பாட்டம் அழுது தீர்த்தது. பழனியம்மாள் தொட்டில் கயிற்றைப் பிடித்தவள் விடவேயில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்குக் கையாலேயே வேண்டாம் என்றாள். மத்தியானத்துக்குக் குழந்தை கைமுஷ்டியை அவிழ்த்துத் தூங்கியது.

அரக்குச் சேலையை மாயம்மாள் முன்பு கிடந்த மாதிரியே மடித்துக் கீழ்த்தட்டில் போட்டாள். பொட்டுவைத் தூக்கி வந்து அதில் வைக்கவில்லை. அதுவாக வரட்டும் என்று விட்டாள். வெயில் தாழ்ந்த பிறகு அது சுவரோரமாக வந்தது. தொட்டிலைத் தாண்டியபோது தலையைத் தூக்கிப் பார்த்தது. பழனியம்மாள் விசிறியைக் கையில் எடுத்தாள். பொட்டு அலமாரிக்குள் போய்ச் சேலையை முகர்ந்தது, மிதித்தது, சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு முகத்தை வாலுக்குள் புதைத்துக்கொண்டு படுத்துவிட்டது. அன்றைக்கு அது சாப்பிடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

வியாழக்கிழமை விடியுமுன்னே ஆடுகள் வாசலில் கத்தின. சுப்புராஜ் சாக்குப்பையோடு உள்ளறை வாசலில் வந்து நின்று, யாரைக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பெண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சொல்ல வேண்டியவள் மாயம்மாள் இல்லை.

"ராத்திரியெல்லாம் நான் முழிச்சுத்தான் இருந்தனுங்க. அது தொட்டில் பக்கம் வரலீங்க," என்றாள் பழனியம்மாள். "கெடந்துட்டுப் போவுது. நீங்க ஆட்ட ஏத்துங்க."

அவர் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். மகனுக்கும் பழனியம்மாளே போன் பண்ணி, காரெல்லாம் எடுக்க வேண்டாம், வேலையைப் பார் என்று சொன்னாள். என்ன ஏது என்று அவன் கேட்டதற்கு, பொம்பளைகள் விஷயம் என்று வைத்துவிட்டாள்.

அதற்காகப் பொட்டு ஒரே நாளில் பழைய பூனை ஆகிவிடவில்லை. வெள்ளிக்கிழமை கொஞ்சம் கருவாட்டுச் சோறு தின்றது. இன்னொரு தடவை குழந்தைத் துணியை நனைத்தது. மாயம்மாள் யாருக்கும் தெரியாமல் அலசிப் போட்டாள். குழந்தை கட்டிக் கழித்த துண்டு ஒன்றை, துவைக்கும் முன்பு, பிள்ளை வாடை பூனைக்குப் பழகட்டும் என்று அலமாரி ஓரத்தில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தாள். தினமும் ஒரு தடவை சௌந்தர்யாவைக் கீழ்த்தட்டுப் பக்கம் உட்காரவைத்து, பூனை முதுகில் கைவைக்கச் சொன்னாள். நக்கின காலில் பூனைமயிர் அரிசிமுனைபோல் எட்டிப் பார்க்க நாள் பிடித்தது. தொட்டிலில் மட்டும் அது ஏறவில்லை. அந்தச் சேலையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பழனியம்மாள் ஊருக்குக் கிளம்பினாள். திண்டுக்கல்லுக்கு டவுன் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஒட்டன்சத்திரம் போக வேண்டும். பேத்தியை முகர்ந்து பார்த்தாள், மருமகளுக்கு நாலு புத்தி சொன்னாள். படி இறங்கின பிறகு திரும்பி வந்து மாயம்மாளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சம்பந்திங்க, அந்தச் சேலைய அடிக்கடி தொவைக்காதீங்க. வாசம் போயிருமுங்க. அப்பறம் புள்ளைக்கு அப்பத்தாளத் தெரியாமப் போயிரும்."

மாயம்மாள் சரி என்று தலையாட்டினாள். பிள்ளை மூத்திரம் போகிற சேலையை எப்படித் துவைக்காமல் இருப்பது என்று அவள் கேட்கவில்லை.